பிழைத்தபின் தொடரும் வலி: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையில் விடுபட்ட ஓர் அளவுகோல்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண் மறுபரிசோதனைக்கு வரும்போது தழும்பைப் பார்க்கிறார்கள். மறு மார்பையும் அக்குளையும் கழுத்தையும் தடவிப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தக் கையைத் தூக்கித் தலை பின்ன முடிகிறதா, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடிகிறதா, ரவிக்கையின் கைவளைவு உரசும் இடம் எரிகிறதா என்பவற்றைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்காததால் அவரும் சொல்வதில்லை. அடுத்த ஆண்டும் இப்படியே கழிகிறது.

இந்த வலியை உயிர் பிழைத்ததற்குக் கொடுக்க வேண்டிய விலை என்று கொள்வதோ, மனத்தளர்ச்சியின் அடையாளம் என்று ஒதுக்குவதோ தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். பெரும்பாலும் இது முன்கூட்டியே கணிக்கக்கூடிய, உடலில் இடம் காட்டக்கூடிய ஒரு காயத்தின் விளைவு. ஆகவே அதைச் சமாளிக்கும் பொறுப்பைப் பெண்ணின் பொறுமையிடம் ஒப்படைத்துவிட முடியாது. சிகிச்சை அளித்தவர்களே அதை ஏற்க வேண்டும். அறுவைக்கு முன்பிருந்தே ஏற்க வேண்டும்.

வலியின் பரப்பை முதலில் பார்ப்போம். டென்மார்க்கில் 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களிடம் நாடு தழுவி நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. விடையளித்த 3,253 பேரில் 47 விழுக்காட்டினர், அறுவை முடிந்து சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும், வலி இருப்பதாகச் சொன்னார்கள். வலி உள்ளவர்களில் பாதிக்கும் சற்றுக் கூடுதலானோருக்கு அது மிதமானதாகவோ கடுமையானதாகவோ இருந்தது. இந்த எண்களைவிட என்னை அதிகம் நிறுத்தியது வேறொன்று. அறுவை செய்த இடத்து வலிக்காக முந்தைய மூன்று மாதங்களில் மருத்துவரை நாடியவர்கள், வலி உள்ளவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் மட்டுமே. மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் ஒரு சிறிய நாட்டின் நிலை இது.

அதே ஆய்வு யாருக்கு வலி மிகுதியாக வருகிறது என்பதையும் காட்டியது. இளம் வயதினர், அக்குள் நெறிக்கட்டிகளை முழுமையாக எடுத்தவர்கள், கதிர்வீச்சு பெற்றவர்கள் ஆகியோரிடம் வலி கூடுதல். இந்தியாவில் மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்து ஆண்டு முன்னதாகவே பெண்களைத் தாக்குகிறது. கட்டி பெரிதான பிறகு வருவோர் இங்கு அதிகம். அதனால் மார்பை முழுவதும் எடுப்பதும், அக்குள் நெறிக்கட்டிகளை முழுமையாக எடுப்பதும், பிறகு நம் மக்கள் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்லும் கதிர்வீச்சு கொடுப்பதும் அதிகம். டென்மார்க் ஆய்வு சுட்டிய மூன்று காரணங்களும் இங்கு ஒரே உடலில் கூடுகின்றன. நம் பெண்களுக்கு இந்த வலி குறைவாக இருக்கும் என்று எண்ண எந்த முகாந்திரமும் இல்லை. கூடுதலாக இருக்கும் என்றே நான் ஊகிக்கிறேன்.

இனி அந்தக் காயம் எங்கே இருக்கிறது என்பதற்கு வருவோம். இரண்டாம் விலா எலும்பிடையிலிருந்து கிளம்பும் ஓர் உணர்வு நரம்பு, அக்குளைக் குறுக்கே கடந்து மேற்கையின் உட்புறத் தோலுக்குச் செல்கிறது. நெறிக்கட்டிகளை எடுக்கும்போது அது கத்தியின் வழியிலேயே நிற்கிறது. சில நேரம் அதை அறுத்துவிடுகிறார்கள். சில நேரம் காப்பாற்றினாலும் இழுபட்டு நசுங்குகிறது. அது அறுந்தால் கை மடங்குவதோ நீள்வதோ நின்றுவிடாது. அதனால் நெடுங்காலம் அதன் இழப்பு சிறு இழப்பாகவே கருதப்பட்டது. ஆனால் கையின் உட்புறம் மரத்துப்போகிறது. மரத்த அதே இடமே எரிகிறது. ‘தொட்டா தெரியல, ஆனா துணி பட்டா எரியுது’ என்று ஒரு பெண் சொல்லும்போது அவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசவில்லை. காயம்பட்ட நரம்பின் இயல்பையே துல்லியமாகச் சொல்கிறார்.

சுரீரென்று பாய்வது, எரிவது, எறும்பு ஊர்வது, ஊசி குத்துவது போன்றவை நரம்பு வலியின் மொழி. வலியைத் தரம்பிரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் வினாத்தாள்கள் இச்சொற்களையே தேடுகின்றன. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்வதோடு நிறுத்திவிட்டால் இந்தச் செய்தி முழுதும் கைநழுவிப்போகிறது. எல்லாமே நரம்பு வலியும் அல்ல. அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறுபோல் விடைத்துக்கொண்டு கையைத் தூக்கவிடாமல் இழுப்பது வேறு. அது பெரும்பாலும் சில மாதங்களில் பயிற்சியால் இளகிவிடும். அசைக்காமலே வைத்திருந்து தோள்மூட்டு இறுகிப்போவது வேறு. கை வீங்கிக் கனப்பது வேறு. கதிர்வீச்சால் மார்புத் தசை நார்ப்பிடித்துச் சுருங்குவது வேறு. பாக்ளிடாக்சல் வகைக் கீமோ மருந்துகள் விரல் நுனிகளிலும் பாதங்களிலும் விட்டுச்செல்லும் மதமதப்பும் எரிச்சலும் வேறு. எடுத்துவிட்ட மார்பே வலிப்பதாக உணர்வோரும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் தனி. எல்லாவற்றையும் ‘ஆப்பரேஷன் பண்ணினா கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும்’ என்ற ஒரே வாக்கியத்தில் அடைப்பது சோம்பலான மருத்துவம்.

மார்பகப் புற்றுநோய் அறுவையின் வரலாற்றிலும் வலி ஓர் அளவுகோலாக இருந்ததில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகர அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1894இல் விவரித்த அறுவை, மார்போடு நெஞ்சுத் தசைகளையும் அக்குள் திசுக்களையும் சேர்த்தே அகற்றியது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு அதுவே பெரும்பாலும் நிலைத்தது. அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் அமெரிக்காவில் 1971இலும் 1976இலும் தொடங்கிய பெரும் சோதனைகள், அதிகம் வெட்டுவதால் ஆயுள் கூடுவதில்லை என்று நிறுவின. 1990களில் நெறிக்கட்டிகளில் முதலாவதை மட்டும் சாயமிட்டுக் கண்டறிந்து சோதிக்கும் முறை வந்தது. அதில் நோய் இல்லையெனில் மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை. இதனால் வலியும் கைவீக்கமும் குறைந்தன. எனினும் வெட்டைக் குறைக்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் ‘ஆயுள் குறையுமா?’ என்ற தராசில்தான் முதலில் நிறுக்கப்பட்டது. வலி குறைந்தது உடன்கிடைத்த நன்மையாகவே வந்துசேர்ந்தது. அளக்கப்படாத ஒன்று எவ்வளவு காலம் கண்ணில் படாமலே இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் ஏன் சொல்வதில்லை? அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் ஒரு மார்பை இழந்தவர். 1980இல் வெளியான தம் ‘தி கேன்சர் ஜர்னல்ஸ்’ நூலில் அறுவைக்குப் பிந்தைய வலிகளை, ஓரிடத்தில் நிற்பது, இடம் மாறுவது, ஆழத்தில் இருப்பது, மேலோட்டமானது என்று ஒன்றொன்றாகப் பிரித்து எழுதினார். செயற்கை மார்பு அணியாமல் தம் மருத்துவரின் அலுவலகத்துக்குச் சென்றபோது, அது அங்கு வரும் மற்றவர்களின் மனவுறுதியைக் கெடுக்கும் என்று ஒரு செவிலியர் கடிந்துகொண்டதையும் பதிவு செய்தார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று காட்டச் சொல்லும் அந்த வற்புறுத்தல் நம் வீடுகளில் வேறு வடிவில் இருக்கிறது. கணவரோ மகனோ நகையை அடகு வைத்து, விடுப்பு எடுத்து, வெளியூர் மருத்துவமனை வாசலில் படுத்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களிடம் போய் இன்னும் வலிக்கிறது என்பது நன்றிகெட்ட பேச்சாகிவிடுமோ என்று அவர் அஞ்சுகிறார். மருத்துவரிடமும் அதே அச்சம். உயிரைக் காத்தவரிடம் குறை சொல்வதா?

அமைதி காப்பதற்கு இன்னொரு காரணம் திகில். வலி என்றாலே நோய் திரும்பிவிட்டது என்று மனம் முடிவுகட்டுகிறது. கேட்டால் உறுதியாகிவிடுமோ என்று கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். அறுவைக்குச் சில வாரங்களிலேயே தொடங்கி, ஒரே இடத்தில், ஏறியும் இறங்கியும் வந்துகொண்டிருக்கும் எரிச்சல் பெரும்பாலும் நரம்புக் காயத்தின் வலி. புதிதாகத் தோன்றி, நாளுக்கு நாள் கூடி, ஓய்விலும் இரவிலும் விடாத முதுகு, இடுப்பு, எலும்பு வலியையும், புதிய கட்டியையும், திடீர்க் கைவீக்கத்தையும் உடனே காட்ட வேண்டும். இவ்வளவையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லாததால் எத்தனை பேர் எத்தனை இரவுகள் விழித்திருக்கிறார்கள்!

மனத்துக்கும் இந்த வலிக்கும் தொடர்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பதற்றம், தூக்கமின்மை, அறுவைக்கு முன்பே இருந்த வேறு வலிகள் ஆகியவை பிந்தைய வலியைக் கூட்டுகின்றன என்பதற்கு ஆய்வுச் சான்று வலுவாகவே உள்ளது. டென்மார்க்கில் 129 பெண்களிடம் செய்து 2016இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மனக்கவனப் பயிற்சியோடு கூடிய உளச்சிகிச்சை வலியின் கடுமையைக் குறைத்தது. ஆனால் இந்த உண்மை நம் வெளிநோயாளர் பிரிவுகளில் ‘அதையே நினைச்சிக்கிட்டிருக்காதீங்க’ என்ற அறிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. மனம் வலியைப் பெருக்குகிறது என்பது வைத்தியத்தைக் கூட்டுவதற்கான காரணம். அதை வைத்தே வலியைத் தள்ளுபடி செய்வது அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது காயம்.

நம்மிடையே வழங்கும் அறிவுரைகளில் மிகவும் தீங்கு செய்வது ‘அந்தக் கையால எதையும் தூக்காதீங்க’ என்பது. கை வீங்கிவிடும் என்ற அச்சத்தில் சொல்லப்படுவது அது. நல்லெண்ணத்தில் சொல்லும் அச்சொல்லை நம்பிப் பல பெண்கள் ஆயுள் முழுதும் குடம் தூக்காமல், குழந்தையைத் தூக்காமல் இருக்கிறார்கள். தசை மெலிகிறது, தோள் இறுகுகிறது, வலி வளர்கிறது. ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் அமெரிக்காவில் ஏற்கெனவே கைவீக்கம் உள்ள 141 பெண்களிடம் இதைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டனர். பயிற்றுநர் துணையோடு சிறு எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டித் தூக்கியவர்களில் வீக்கம் முற்றியது 14 விழுக்காட்டினருக்கு. தூக்காதவர்களில் 29 விழுக்காட்டினருக்கு. பிரிட்டனில் 392 பெண்களிடம் நடத்தி 2021இல் வெளியான சோதனையோ, தோள் பாதிப்புக்கு வாய்ப்பு மிகுந்தவர்களுக்கு அறுவை முடிந்து 7 முதல் 10 நாளிலேயே இயன்முறைப் பயிற்சியைத் தொடங்கியது. ஓராண்டு கழித்து அவர்கள் கையின் இயக்கம் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. இதற்கு வேண்டியது விலையுயர்ந்த கருவியல்ல. இயன்முறை மருத்துவரின் சில மணி நேரம்.

நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்பதில்லை. அமிட்ரிப்டிலின், கேபாபென்டின், துலாக்சடின், வென்லாஃபாக்சின் போன்றவை அதற்கென உள்ளவை; இரவில் சிறிய அளவில் தொடங்கிக் கூட்டும் அமிட்ரிப்டிலின் மிக மலிவானதும்கூட. ஆனால் ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். டமாக்சிஃபென் மாத்திரை கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே முழு வலிமையோடு வேலை செய்கிறது. பராக்சடின், ஃப்ளூவாக்சடின் ஆகிய மனச்சோர்வு மருந்துகள் அந்த நொதியை வலுவாகத் தடுக்கின்றன; துலாக்சடினும் ஓரளவு தடுக்கிறது. எனவே டமாக்சிஃபென் சாப்பிடும் பெண் எந்த மருத்துவரிடம் போனாலும் அதை முதலில் சொல்ல வேண்டும். வலிக்கு ஓரிடத்திலும் புற்றுநோய்க்கு வேறிடத்திலுமாகச் சீட்டு எழுதும் நம் முறையில் இந்த இடைவெளி ஆபத்தானது.

‘உயிர்தான் முதலில், வலியைப் பிறகு பார்க்கலாம்’ என்ற எதிர்வாதத்துக்கு ஒரு நேரடி விடை உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளை ஐந்து ஆண்டோ அதற்கு மேலுமோ தருகிறார்கள். நோய் திரும்பாமல் தடுப்பதில் அவை பெரும்பங்கு ஆற்றுகின்றன. அவற்றைச் சாப்பிடுவோரில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு மூட்டு வலி வருகிறது. காலையில் எழுந்ததும் விரல் மடங்காது, முட்டி பிடித்துக்கொள்ளும். மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதற்கு அந்த வலி ஒரு முதன்மையான காரணம். பலர் நிறுத்தியதைச் சொல்வதும் இல்லை. அப்படியானால் வலியைப் பாராமுகமாக விடுவது உயிரையே பணயம் வைப்பதாகும். அமெரிக்காவில் 121 பெண்கள் பங்கேற்ற ஒரு சோதனை 2015இல் வெளியானது. வாரம் இரு முறை எடைப் பயிற்சியும், வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற உடற்பயிற்சியும் ஓராண்டு செய்தவர்களுக்கு மூட்டு வலியின் உச்சம் 29 விழுக்காடு குறைந்தது. மாத்திரையை எழுதிக் கொடுக்கும் அதே சீட்டில் இந்தப் பயிற்சியையும் எழுதலாம்.

அறுவைக்கு முன்பே வலியைப் பற்றிச் சொன்னால் பெண்கள் பயந்து ஓடிவிடுவார்கள், நாட்டு மருந்துக்குப் போய்விடுவார்கள் என்று மருத்துவர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். காலம் கடந்து வருவதால் இங்கு இழக்கப்படும் உயிர்களை நேரில் காண்பவர்களின் கவலை அது. எளிதில் ஒதுக்க முடியாது. ஆயினும் முடி கொட்டும், வாந்தி வரும் என்று கீமோவுக்கு முன் சொல்கிறோம். அதனால் கீமோ நின்றுவிடவில்லை. சொல்லப்பட்ட வலியைப் பெண் எதிர்பார்த்திருந்து தாங்குகிறார், உதவி கேட்கிறார். சொல்லப்படாத வலி வந்தால் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார்.

அறுவைக்குப் பின் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை, 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாட்டு 11ஆம் பதிப்பு தனி நோய்நிலையாகவே ஏற்றிருக்கிறது. பதிவேட்டில் எழுத இடம் கிடைத்துவிட்டது, எழுதத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடிப் போகிறார்கள். மார்பக அறுவை முடிந்து ஊர் திரும்பும் ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் மருத்துவமனை அவர்களுக்கு அனுப்பிவைக்கலாம். முதல் வருகை இரண்டாம் வாரத்தில், அடுத்தது மூன்றாம் மாதத்தில், பிறகு ஆண்டுக்கொரு முறை. கையைப் பக்கவாட்டில் எவ்வளவு தூக்க முடிகிறது, எங்கே மரத்திருக்கிறது, எங்கே எரிகிறது, தூக்கம் கெடுகிறதா, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்ற ஐந்து கேள்விகளுக்கான விடையைக் குறித்து, அந்தத் தாளை அறுவை செய்த பிரிவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். தாம் செய்த அறுவைக்கு ஈராண்டு கழித்து அந்தக் கை எப்படி இருக்கிறது என்பதை அறுவை மருத்துவர் தம் மேசையில் பார்க்க வேண்டும்.