பள்ளிக்கரணை டு வெந்நீர் ஊற்று

தாம்பரத்துல பஸ் ஏறி வேளச்சேரி போறவங்க டிராஃபிக்ல நிக்கும்போது ஜன்னல் வழியா சதுப்பு நிலத்தைப் பார்த்திருப்பீங்க. அதே ரோட்டுல, பள்ளிக்கரணையில இருக்கு தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், சுருக்கமா என்.ஐ.ஓ.டி. 1993-ல தொடங்கினது. இவங்களும் கோவாவில் இருக்கும் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சேர்ந்து 2024 டிசம்பர்ல ஒரு படத்தைக் காட்டினாங்க. இந்தியப் பெருங்கடலில் 4,500 மீட்டர் ஆழத்தில், இப்பவும் புகைஞ்சுக்கிட்டிருக்கும் ஒரு வெந்நீர் ஊற்று. ஆளில்லாத நீர்மூழ்கி எடுத்த படம்.

இந்தக் கதை ஆரம்பிக்கிறது 1977-ல, கலாபகஸ் தீவுகள் பக்கம். ஆல்வின் என்ற நீர்மூழ்கியில் சுமார் 2,500 மீட்டர் இறங்கினவங்க எல்லாம் பாறையையும் வெப்பத்தையும் தேடிப் போன புவியியல் ஆட்கள். கப்பல்ல ஒரு உயிரியலாளர்கூட இல்லை! கீழே பார்த்தா சிப்பிகளும் சிவப்புக் கொண்டை வெச்ச குழாய்ப் புழுக்களும் கூட்டம் கூட்டமா. பதப்படுத்தப் போதுமான மருந்து இல்லாம, பனாமாவில் வாங்கின ரஷ்ய வோட்காவில் போட்டுக் கொண்டுவந்தாங்க.

அந்தப் புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. ஆள் உயரம் வளருது. என்னத்தைச் சாப்பிடுது? 1980-ல ஹார்வர்டில் மெரிடித் ஜோன்ஸ் இதைப் பத்தி வகுப்பெடுத்தார். புழுவுக்குள்ள கந்தகத் துகள் இருக்குன்னு அவர் சொன்னதும், கொலீன் கேவனா என்ற மாணவி எழுந்து, அப்போ உள்ளே பாக்டீரியா இருக்கணும், அதுதான் சமைச்சுப் போடுதுன்னு சொல்லிட்டாங்க. சரியாத்தான் இருந்தது. ஊற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு நமக்கு விஷம். அந்த பாக்டீரியாவுக்கு அதுதான் அடுப்பு. வெயிலே தேவையில்லை.

நம்ம பெருங்கடல்ல எனக்குப் பிடிச்ச ஆள் ஒரு நத்தை. 2000-ல ஜப்பானியர்கள் ரோட்ரிக்ஸ் தீவுக்குத் தென்கிழக்கே கைரெய் ஊற்றைக் கண்டுபிடிச்சாங்க. அடுத்த வருஷம் அங்கே போன அமெரிக்கக் குழு பார்த்தது, கால் முழுக்க இரும்புச் செதில் போட்ட நத்தை. காந்தம் காட்டினா இழுக்கும். இதுவும் உணவுக்கு உள்ளே பாக்டீரியா வளர்க்குது. அதுங்களுக்கு ஆக்சிஜன் சப்ளை பண்ணவே ராட்சச இதயம், உடம்பில் சுமார் 4 சதவீதம். ஆனா சாலிட்டேர் என்ற வேற ஊற்றில் இதே நத்தை வெள்ளையா இருக்கு, இரும்பே கிடையாது. கவசம்னு நாம சொல்றதைக் கொஞ்சம் யோசிக்கணும் போல. உடம்புக்குள்ள சேர்ற கந்தகத்தைச் செதில் வழியா வெளியே தள்ளும்போது, தண்ணியில இருக்கும் இரும்பு அதோட சேர்ந்து படியுதுன்னு பின்னாடி ஒரு விளக்கம் வந்தது.

இப்போ சிக்கல். ஊற்று வாயில் செம்பு, துத்தநாகம், தங்கம் எல்லாம் சல்பைடாப் படியும். 2016-ல இந்தியா, சர்வதேச கடற்படுகை ஆணையத்தோட 15 வருஷ ஒப்பந்தம் போட்டு 10,000 சதுர கி.மீ. பரப்பில் இந்தக் கனிமங்களைத் தேடுது. பள்ளிக்கரணையில உருவாகும் மத்ஸ்யா 6000, மூணு பேரை 6,000 மீட்டருக்கு இறக்கப் போற வண்டி, இதே ஆழ்கடல் திட்டத்தோட ஒரு பகுதிதான். தேடறது வேற, தோண்டறது வேற. வணிக அளவில் இன்னும் யாரும் தோண்டலை. ஆனாலும் 2019-ல அந்த நத்தை அழியும் அபாயத்தில் உள்ளதுன்னு சிவப்புப் பட்டியல்ல சேர்ந்தது. காரணமாச் சொன்னது ஆழ்கடல் சுரங்கம். அப்போ அது வாழ்றதாத் தெரிஞ்சது மூணே ஊற்றுத் தளங்கள். அதுல கைரெய் ஜெர்மனியோட தேடல் எல்லைக்குள்ள, லோங்சி சீனாவோட எல்லைக்குள்ள இருந்தது.