சராசரி சோறு போடாது



சென்ற வாரம் ஒரு பழைய மாணவர் போனில் கேட்டார்: "சார், தலைக்கு இவ்வளவு தானியம் விளைகிறது என்று புள்ளிவிவரம் சொல்கிறதே, அப்புறம் எப்படி ஒருவர் பசியோடு இருக்க முடியும்?" நல்ல கேள்வி. இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

இந்தப் பாடத்தை நம் நாடு 1943-இல் வங்காளத்தில் கற்றுக்கொண்டது. கொடுத்த விலை லட்சக்கணக்கான உயிர்கள். பிரிட்டிஷ் அரசு அமைத்த பஞ்ச விசாரணை ஆணையம் 1945-இல் இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்றது. பிற்காலத்தில் அமர்த்தியா சென் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 30 லட்சம் ஆனது. ஒரே பஞ்சத்துக்கு இரண்டு எண்கள், ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு! அங்கிருந்தே நம் பாடத்தைத் தொடங்கலாம். கணக்கு ஏன் இவ்வளவு ஆடியது?

நம் பக்கத்தில் ரயத்துவாரி முறை இருந்தது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். அரசு ஒவ்வொரு விவசாயியிடமும் நேரடியாக வரி வாங்கியதால் ஊருக்கு ஒரு கர்ணம் இருந்தார். எந்த வயலில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதி வைத்தார். வங்காளத்திலோ 1793-இல் காரன்வாலிஸ் கொண்டுவந்த நிலையான நிலவரித் திட்டம். ஜமீன்தார் கட்ட வேண்டிய தொகை நிரந்தரமாக முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த வயலில் என்ன விளைகிறது என்று பார்க்க அரசுக்கு அவசியமே இல்லை. அதனால் அங்கே கிராமக் கணக்குப்பிள்ளை என்ற ஆளே அரசிடம் இல்லை. இருந்தவர் சௌக்கிதார் என்ற ஊர்க் காவலர். பயிர் நிலவரமும் அவர் வழியாகத்தான் மேலே போனது, பிறப்பு இறப்புத் தகவலும் அவர் வழியாகத்தான் போனது. பயிரைக் கண்ணால் பார்த்து, "இந்த வருஷம் பன்னிரண்டு அணா விளைச்சல்" என்பது போல ஒரு மதிப்பு. பதினாறு அணா என்றால் முழு விளைச்சல். இப்படி ஆயிரக்கணக்கான ஊர்களின் கண் மதிப்பைக் கூட்டினால் மாகாணத்தின் நெல் கணக்கு வந்துவிடும்! அந்தக் காவலரே பசியில் ஊரை விட்டுப் போய்விட்டால் அந்த ஊரின் சாவை யார் எழுதுவது என்றும் யோசித்துப் பாருங்கள்.

அதே வங்காளத்தில், அதே காலத்தில், இதைவிட நல்ல வழி ஒன்றும் உருவாகிக்கொண்டிருந்தது. கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினார். 1937 முதல் சணல் பயிரை அளக்கும் வேலையில் இறங்கினார். எல்லா வயல்களையும் அளக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஆகவே வரைபடத்தில் குலுக்கல் முறையில் சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் ஆட்களை அனுப்பி அளக்கச் சொன்னார். அதிகாரிக்கு வசதியான, சாலையோரத்து வயலைப் பார்த்துவிட்டு வரக்கூடாது. சீட்டு எந்த வயலைக் காட்டுகிறதோ அங்கேதான் போக வேண்டும்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆனால் கிளறிய பானையாக இருந்தால்தான் அந்த ஒரு சோறு உண்மை சொல்லும். குலுக்கல் என்பது அந்தக் கிளறல்தான். இன்னொரு தந்திரமும் செய்தார். ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனி மாதிரியோடு அனுப்புவார். இரண்டு விடைகளும் நெருங்கி வந்தால் கணக்கை நம்பலாம். விலகி நின்றால் எங்கோ பிழை. பரீட்சைத் தாளை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துவது போல.

ஆனால் இந்த முறைக்குப் பணம் வந்தது சணலுக்காக. அது ஏற்றுமதிப் பயிர், ஆலைகளுக்கும் வியாபாரிகளுக்கும் அந்த எண் தேவைப்பட்டது. 1942-இன் நெல் விளைச்சலுக்கு அரசு கையில் இருந்ததோ பழைய கண் மதிப்புதான்.

அந்த வருஷம் நடந்தவற்றைப் பாருங்கள். ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. எதிரி கைக்குப் போகக்கூடாது என்று கரையோர மாவட்டங்களில், பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை அரசு பறித்தது. மீனவரும் படகோட்டியும் பிழைப்பை இழந்தார்கள். அக்டோபரில் மிதுனாபூர்க் கரையைப் புயல் தாக்கியது. போர்ச் செலவுக்காகப் பணம் வெள்ளமாகப் புழங்கியது. கல்கத்தாவில் ஒரு மணங்கு, அதாவது ஏறத்தாழ 37 கிலோ அரிசி, 1942 டிசம்பரில் 13, 14 ரூபாய். 1943 மே மாதம் 30 ரூபாயைத் தாண்டியது. ஆகஸ்டில் 37 ரூபாய்.

அரிசி போதுமான அளவு இருக்கிறது, பதுக்கல்தான் காரணம் என்று அரசு சொன்னது. ஜூனில் ஊர் ஊராகச் சோதனை போட்டார்கள். எதிர்பார்த்த அளவு பதுக்கல் அகப்படவில்லை. பிறகு வந்த விசாரணை ஆணையம், அரிசிப் பற்றாக்குறையை முக்கியக் காரணமாகச் சொன்னது. இருவரும் கேட்டது ஒரே கேள்வி: மொத்தம் எவ்வளவு அரிசி இருந்தது?

சென் 1981-இல் வெளியிட்ட நூலில் வேறு கேள்வி கேட்டார். அதற்கு முன் பழைய கேள்வியையும் போட்டுப் பார்த்தார். அரசின் எண்களையே எடுத்துக் கூட்டினால், 1943-இல் கிடைத்த அரிசி முந்தைய ஐந்து ஆண்டுகளின் சராசரியைவிட 5 சதவீதம்தான் குறைவு. 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம். 1941-இல் பஞ்சம் இல்லையே! அப்படியானால் மொத்தத்தைப் பார்த்துப் புண்ணியமில்லை. யாரிடம் எதை விற்று அரிசி வாங்கும் சக்தி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

கரும்பலகைக் கணக்காகச் சொல்கிறேன். ஒரு கூலியாள் ஒரு நாள் கூலியில் மூன்று படி அரிசி வாங்கினார் என்று வையுங்கள். அரிசி விலை மூன்று மடங்காகி, கூலி அப்படியே நின்றால் அவருக்கு ஒரு படிதான். உண்மையில் கூலி ஓரளவு ஏறியது, ஆனால் விலையை எட்டிப் பிடிக்கவில்லை. பக்கத்து வயலில் வாரத்துக்கு உழுதவருக்கு நெல்லாகவே பங்கு வந்தது. விலை ஏறினாலும் அவர் வீட்டு உலை கொதித்தது. இருவரும் ஏழைகள், ஒரே ஊர், ஒரே வானம். ஒருவருக்குப் பணமாகக் கூலி, மற்றவருக்கு நெல்லாகப் பங்கு. உயிருக்கும் சாவுக்கும் இடையே இருந்தது அந்த வித்தியாசம். முடி திருத்துபவரை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் காசில்லாதவர்கள் முதலில் தள்ளிப்போடுவது முடிவெட்டைத்தான். அவர் கத்தியும் கத்தரியும் அப்படியே இருந்தன, அவற்றால் வாங்கக்கூடிய அரிசி மட்டும் கரைந்துபோனது.

சென்னுக்கு இது எப்படித் தெரிந்தது? மகலனோபிஸின் குழு 1944-45-இல் வங்காளத்தின் நூற்றுக்கணக்கான கிராமங்களில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி, தொழில்வாரியாக யார் நொடிந்தார்கள் என்று குறித்து வைத்திருந்தது. மீனவர், படகு, வண்டி ஓட்டுபவர், விவசாயக் கூலி, நெல் குத்தும் பெண்கள் ஆகியோர் அதிகம் அழிந்தார்கள். சொந்த நிலம் உழுதவரும் வாரதாரரும் குறைவு. முப்பது ஆண்டு கழித்து ஒரு பொருளாதார அறிஞர் எடுத்துப் படிக்க அந்தத் தாள்கள் இருந்தன.

சென்னின் முடிவை எல்லோரும் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெல் நோயியல் அறிஞர் பத்மநாபன் 1973-இலேயே, 1942-இல் பழுப்புப் புள்ளி என்ற பூஞ்சை நோய் வங்காள நெல்லைக் கடுமையாகத் தாக்கியதை ஆராய்ச்சி நிலையங்களின் விளைச்சல் பதிவுகளைக் கொண்டு காட்டினார். அப்படியானால் அரசின் விளைச்சல் எண்களே தவறாக இருக்கலாம், பற்றாக்குறை பெரிதாகவே இருந்திருக்கலாம் என்பது விமர்சகர்களின் வாதம். நியாயமான வாதம்தான். அஸ்திவாரம் கண் மதிப்பாக இருக்கும்போது அதன் மேல் எவ்வளவு அழகான சூத்திரம் கட்டினாலும் ஆடத்தான் செய்யும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மொத்த அரிசி எவ்வளவு என்பதில் இன்றும் சண்டை நடக்கிறது. யார் செத்தார்கள் என்பதில் சண்டை இல்லை. ஏனென்றால் அதற்கு வீடு தேடிப் போய்க் கேட்டார்கள். கேட்டது பஞ்சம் முடிந்த பிறகு என்பதுதான் வேதனை. 1942-இலேயே மீனவர் வீட்டிலும் கூலியாள் வீட்டிலும் போய், "இந்த மாதம் எத்தனை வேளை அடுப்பு எரிந்தது?" என்று கேட்டிருந்தால், அணாக் கணக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்கும் சாக்கு இருந்திருக்காது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி நாட்டின் வழக்கமானது. மகலனோபிஸின் முயற்சியால் 1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் சுற்று தொடங்கியது. குலுக்கலில் வந்த கிராமம், குலுக்கலில் வந்த வீடு. என்ன வாங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு செலவு என்ற கேள்விகள். இன்று வறுமை பற்றி யார் எந்தப் பக்கம் நின்று வாதாடினாலும் பெரும்பாலும் அந்தத் தாள்களை வைத்துத்தான் வாதாடுகிறார்கள்.

ஆகவே அந்த மாணவருக்கு என் பதில் இது. தலைக்கு இவ்வளவு என்பது வகுத்து வந்த ஈவு, அதை யாரும் தட்டில் போட்டுச் சாப்பிட முடியாது. அடுத்த முறை ஒரு சராசரியைப் பார்த்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதை யார், எப்படி அளந்தார்கள்? இதற்குள் யார் மறைந்திருக்கிறார்கள்?

எப்போதாவது கணக்கெடுப்பாளர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் அலுத்துக்கொள்ளாமல் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். குலுக்கலில் உங்கள் வீடு வந்திருக்கிறது என்றால், உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான வீடுகளுக்காக நீங்கள் பேசுகிறீர்கள் என்று அர்த்தம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்