நடந்தே போகிறவனுக்கு இன்சூரன்ஸ்



என் அக்கா மகள் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் இருக்கிறாள். போன ஆண்டு ஆகஸ்டில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தாள். "மாமா, தம்பிக்கு வாய் ஒரு பக்கமாக் கோணிப் போச்சாம். போட்டோ அனுப்பியிருக்கான். எனக்குக் கையும் காலும் ஓடலை" என்றாள். சற்று நேரம் அழுதாள். பிறகு சொன்னாள்: "அவனுக்கு இப்ப இன்சூரன்ஸ் இருக்கா இல்லையான்னே தெரியலை மாமா."

இதை ஏன் புதுச்சேரியில் இருக்கும் என்னிடம் கேட்க வேண்டும்? மெடிக்கல் பில் பார்க்கும் பிரிவில் நான் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். எசென்ஷியாலிட்டி சர்ட்டிபிகேட்டில் டாக்டர் கையெழுத்து இல்லை என்று எத்தனையோ பேருடைய பில்லைத் திருப்பி அனுப்பிய பாவம் எனக்கு உண்டு. அதனால் காகிதச் சிக்கல் எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் என் தலையில்தான் விழும். அன்றிரவு எனக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த சில வாரங்கள் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் கொஞ்சம் இங்கே எழுதுகிறேன். நம்மில் பலருக்குப் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள்.

பையன் அப்போது அப்பலாச்சியன் டிரெயில் என்ற மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்தான். பெண்டன் மக்காய் என்பவர் 1921-ல் கட்டிடக் கலைஞர்களின் பத்திரிகை ஒன்றில் முன்வைத்த யோசனை அது. 1937-ல் பாதை முழுவதும் இணைந்தது. தெற்கே ஜார்ஜியாவில் தொடங்கி வடக்கே மெய்ன் மாநிலத்தின் கடாடின் மலையில் முடிகிறது. 14 மாநிலங்கள், சுமார் 2,190 மைல், அதாவது 3,500 கிலோமீட்டர். ரயிலில் கன்னியாகுமரியிலிருந்து கிளம்பி டெல்லியையும் தாண்டிவிடும் தூரம். ஒரே மூச்சாக நடந்தால் ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். இதற்காக வேலையை விட்டுவிட்டுப் போகிறார்கள். எங்கள் பையனும் பிப்ரவரியில் வேலையை விட்டான். "படிச்சு வாங்கின வேலையை விட்டுட்டுக் காட்டுல நடக்கறானே" என்று அக்கா இங்கே புலம்பினாள். எனக்கு உள்ளுக்குள் பொறாமைதான்.

இந்தப் பாதை முழுவதையும் ஒரே பருவத்தில் நடந்து முடித்ததாக முதலில் அறிவித்தவர் ஏர்ல் ஷேஃபர். பென்சில்வேனியாக்காரர், வயது 29. பசிபிக் போர்முனையில் இருந்துவிட்டு வந்தவர். கூட நடக்கத் திட்டமிட்டிருந்த நண்பர் இவோ ஜிமாவில் இறந்துபோனார். போரின் பாரத்தை நடந்தே இறக்கி வைக்கப் புறப்பட்டார் என்று சொல்வார்கள். 1948 ஏப்ரல் 4-ம் தேதி, அப்போது தென்முனையாக இருந்த ஓக்லெதார்ப் மலையில் தொடங்கி, ஆகஸ்ட் 5-ம் தேதி கடாடினில் முடித்தார். 124 நாள். பாதையைப் பராமரிக்கும் அமைப்பினரே முதலில் நம்பவில்லை. நாட்குறிப்பையும் எடுத்த படங்களையும் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

1948 என்றதும் எனக்குள் இருக்கும் குமாஸ்தா விழித்துக்கொண்டான். தேதிகளை அடுக்கிப் பார்த்தேன். ஷேஃபர் புறப்பட்டுப் பதினைந்தாம் நாள், ஏப்ரல் 19-ல், நம் நாட்டில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. இ.எஸ்.ஐ. என்று நாம் சொல்வது அதுதான். அவர் பாதி வழிக்கு மேல் போயிருந்த ஜூலை 5-ம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அவர் வீடு திரும்பிய பிறகு, செப்டம்பர் 23-ல், பிரான்ஸ் தன் செக்யுரித்தே சோசியாலை மாணவர்களுக்கும் நீட்டிச் சட்டம் போட்டது. அந்த நிதியை நடத்தும் பொறுப்பு மாணவர்களே அமைத்த ஒரு பரஸ்பர சங்கத்திடம் போயிற்று. இருபது வயதுப் பிள்ளைகள் கையில் நாட்டின் காப்பீட்டுக் கணக்கு! அது ஒழுங்காக நடந்ததா என்பது வேறு கதை. 2019-ல் அந்தத் தனி ஏற்பாட்டை முடித்து எல்லா மாணவர்களையும் பொதுத் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் இந்த 'செக்யு' என்ற சொல் எனக்குச் சிறுவயதிலேயே பழக்கம். எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் இருந்தார். அவர் திண்ணையில் அமர்ந்து பிரெஞ்சுக்காரனைத் திட்டுவார். செக்யுவை மட்டும் திட்டமாட்டார்.

அமெரிக்காவில் அதே காலத்தில் என்ன நடந்தது? 1945 நவம்பரில் அதிபர் ட்ரூமன் எல்லோருக்கும் பொதுவான மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று காங்கிரஸைக் கேட்டார். டாக்டர்கள் சங்கம் இது சோஷலிச மருத்துவம் என்று பெரும் பணம் செலவிட்டுப் பிரசாரம் செய்தது. யோசனை செத்துப்போயிற்று. அதற்குள் அங்கே வேறொன்று வேர் பிடித்திருந்தது. 1929-ல் டல்லாஸ் நகரத்துப் பேய்லர் ஆஸ்பத்திரி, பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் அரை டாலர் வாங்கிக்கொண்டு ஆண்டுக்கு 21 நாள் படுக்கை தருவதாக ஏற்பாடு செய்தது. புளூ கிராஸ் வகைத் திட்டங்களின் ஆரம்பம் அது. பிறகு போர் வந்தது. 1942-ல் விலைவாசிக்குப் பயந்து சம்பள உயர்வுக்குத் தடை போட்டார்கள். காப்பீட்டுச் சலுகை சம்பளத்தில் சேராது என்று விட்டுவிட்டார்கள். ஆள் கிடைக்காத முதலாளிகள் சம்பளத்துக்குப் பதில் காப்பீடு கொடுத்து ஆள் பிடித்தார்கள். 1954-ல் அதற்கு வரியும் கிடையாது என்று சட்டமே எழுதியாயிற்று.

ஆக, போர்க்கால நெருக்கடியில் போட்ட ஒரு ஏற்பாடு நிரந்தரமாகிவிட்டது. நம் அலுவலகங்களிலும் 'தற்காலிகம்' என்று போட்ட கோப்புதான் ரிட்டையர் ஆகும்வரை மேசையில் இருக்கும். அதன் விளைவு, அங்கே வேலை இருந்தால் வைத்தியம். வேலையை விட்டால் அதுவும் போகும். நடக்கப் போகிற இளைஞன் முதலில் செய்வதே வேலையை விடுவதுதான்.

பெற்றோருடைய காப்பீட்டில் பிள்ளைகள் இருக்கலாம். ஆனால் நெடுங்காலம் பல திட்டங்களில் 19 வயது வரை, அல்லது முழுநேரம் படிக்கும் வரைதான். மிஷெல் மோர்ஸ் என்று நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கல்லூரி மாணவி. குடல் புற்றுநோய். டாக்டர் படிப்பை நிறுத்தி ஓய்வெடுக்கச் சொன்னார். நிறுத்தினால் மாணவி என்ற தகுதி போய்விடும், தாயாரின் காப்பீட்டிலிருந்து பெயர் விழுந்துவிடும். அதனால் கீமோதெரபி எடுத்துக்கொண்டே வகுப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கினாள். 2005-ல் இறந்தாள், வயது 22. தாயார் விடவில்லை. முதலில் அந்த மாநிலம், பிறகு 2008-ல் நாடு முழுவதற்கும், நோயாளி மாணவர்களுக்கு ஓராண்டு வரை விடுப்பு கொடுத்துக் காப்பீட்டைத் தொடரும் சட்டம் அவள் பெயரால் வந்தது. இதைப் படித்த அன்று எனக்கு வேறெதுவும் படிக்கத் தோன்றவில்லை. நான் திருப்பி அனுப்பிய பில்கள் சில ஞாபகம் வந்தன.

2010-ல் ஒபாமா கொண்டுவந்த சட்டம், படித்தாலும் படிக்காவிட்டாலும் 26 வயது வரை பிள்ளைகள் பெற்றோர் காப்பீட்டில் இருக்கலாம் என்றது. அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த நாளும் செப்டம்பர் 23. பிரான்சில் மாணவர் சட்டம் வந்து சரியாக 62 ஆண்டு.

எங்கள் பையன் மார்ச்சில் ஜார்ஜியாவில் நடக்கத் தொடங்கியபோது வயது 25. ஜூலை 9-ல் 26 ஆயிற்று. அப்பாவின் கம்பெனித் திட்டப்படி பிறந்தநாள் வரும் மாதத்தின் கடைசி நாளோடு பெயர் நீங்கும். வருடக் கடைசி வரை இருக்கும் என்று இவன் நினைத்தான். இவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்று அப்பா நினைத்தார். ஆகஸ்ட் 4-ம் தேதி கனெக்டிகட் மாநிலத்தில் காய்ச்சலோடு பாதையிலிருந்து இறங்கி ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறான். கார்டு செல்லாது என்று கவுண்டரில் சொன்னார்கள். ரொக்கமாக எவ்வளவு என்று கேட்டான். சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி நடந்தான். வீட்டுக்கும் சொல்லவில்லை. பதினாறு நாள் கழித்து மாசசூசெட்ஸில் காலையில் பல் துலக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகிற்று.

பக்கவாதம் இல்லை. லைம் நோய். அதே கனெக்டிகட்டில் லைம் என்ற ஊரில் 1970-களில் பிள்ளைகளுக்குக் கூட்டமாக மூட்டுவீக்கம் வந்தது. ஒரு தாய் விடாமல் நச்சரித்துக் கேட்டதில்தான் ஆராய்ச்சியே தொடங்கியது. 1982-ல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற விஞ்ஞானி, மான் உண்ணியில் இருக்கும் ஒரு கிருமியை அடையாளம் காட்டினார். சீக்கிரம் பிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை போதும், விலையும் அதிகமில்லை. விட்டுவிட்டால் முக நரம்பு, மூட்டு, சிலருக்கு இதயத் துடிப்பு வரை போகும்.

மாசசூசெட்ஸ் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பணம் கேட்காமல் பார்த்தார்கள். அதற்கும் ஒரு சட்டம் உண்டு. 1986-ல் வந்த கோப்ரா சட்டம். பெயரைக் கேட்டுப் பாம்பு என்று நினைக்க வேண்டாம், நீண்ட தலைப்பொன்றின் முதலெழுத்துகள். அவசர நோயாளியைக் காசில்லை என்று திருப்பக்கூடாது என்பது அதில் ஒரு பகுதி. பில் பிறகு வரும், அது வேறு விஷயம்.

அதே சட்டத்தின் இன்னொரு பகுதிதான் எங்களைக் காப்பாற்றியது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனியானால், காப்பீட்டிலிருந்து விழுந்தவர் முழுப் பிரீமியத்தையும், கூட நூற்றுக்கு இரண்டு செலவும் தானே கட்டி அதே திட்டத்தில் தொடரலாம். வயது கடந்த பிள்ளைக்கு 36 மாதம் வரை. வேண்டும் என்று சொல்ல 60 நாள் அவகாசம். சொன்ன பிறகு முதல் பணம் கட்ட 45 நாள். கட்டினால் பெயர் விழுந்த நாளிலிருந்தே செல்லுபடியாகும். முன்தேதியிட்ட மஞ்சூரி! என் சர்வீஸில் முன்தேதியிட்டு ஒரு டீ செலவுகூட நான் பாஸ் செய்ததில்லை. "லெட்டர் ஏதாவது வந்ததா பாரும்மா" என்று அக்கா மகளிடம் கேட்டேன். சமையலறை டிராயரில் பீட்சா விளம்பரங்களுக்கு நடுவே பிரிக்காத உறை இருந்தது. நாள் எண்ணினேன், இன்னும் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தது. அன்றே எழுதிப் போட்டார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதப் பிரீமியம் கட்டினார்கள். வலிக்கிற தொகைதான். ஆனால் ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்த பிறகு அது சின்னதாகத் தெரிந்தது.

மற்ற வழிகளையும் பார்த்தோம். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மாநிலக் கணக்கு. மேரிலாந்து கொடுப்பது வெளி மாநிலத்தில் அவசரத்துக்குத்தான் செல்லும். நடப்பவனோ இரண்டு வாரத்துக்கு ஒரு மாநிலம் மாறுகிறான். அந்தத் திட்டத்தை விரிப்பது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஜார்ஜியாவும் டென்னசியும் முழுசாக விரிக்கவில்லை. அங்கே வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே போனால், சந்தையில் திட்டம் வாங்குவதற்கான அரசு மானியமும் கிடையாது. கொஞ்சம் ஏழைக்கு உதவி, மிகவும் ஏழைக்கு இல்லை என்ற கணக்கு எனக்கு இன்றுவரை ஜீரணமாகவில்லை. குறுகிய காலத் திட்டங்கள் மலிவு. ஆனால் ஏற்கெனவே இருந்த நோய்க்குச் செல்லாது. 30 வயதுக்குள் இருப்பவர்களுக்குப் பேராபத்துத் திட்டம் என்று ஒன்று உண்டு. பெயருக்கேற்றபடி பேராபத்து வந்தால்தான் பெரிதாகப் பயன்.

நியூ ஹாம்ப்ஷயரில் 25 டாலருக்கு ஒரு கார்டு விற்கிறார்கள். கவனக்குறைவால் மலையில் மாட்டிக்கொண்டால் மீட்புச் செலவை மாநிலம் கேட்காது. வைத்தியச் செலவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரான்சில் உயர்மலை மீட்பு அரசின் வேலை. 1956 டிசம்பரில் மோன் பிளானில் சிக்கிய இரண்டு இளைஞர்களை மீட்க முடியாமல், அனுப்பிய ஹெலிகாப்டரும் நொறுங்கி, கடைசியில் அவர்களை அங்கேயே விட்டுவிட நேர்ந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு 1958-ல் ஷமோனியில் ழாந்தார்ம் படையின் மலைப்பிரிவை அமைத்தார்கள்.

பையனுக்கு முகம் நேராக ஏழு வாரம் ஆயிற்று. சிரித்தால் மட்டும் இடது கண் கொஞ்சம் சுருங்குகிறது என்று அவன் அம்மா சொல்கிறாள். எனக்கு வீடியோவில் தெரியவில்லை. மீதி ஏறக்குறைய 600 மைல் இருக்கிறது. வரும் ஜூனில் போகிறானாம். இப்போது அவன் பெயரிலேயே மேரிலாந்தில் ஒரு திட்டம் எடுத்திருக்கிறான். "தாத்தா, படிச்சுப் பாருங்க" என்று எனக்கும் அனுப்பினான். பதினோராம் பக்கத்தில் இருக்கிறது, வெளி மாநிலத்தில் அவசர சிகிச்சைக்கு மட்டும் என்று. அவன் நடக்க வேண்டியது வெர்மாண்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன். அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.