கிளைவ் மகரகண்டி பிறந்த கதை

பிளாசி வெற்றியைக் கொண்டாடி, 1758 என்று ஆண்டு பொறித்து, ராபர்ட் கிளைவ் பெயரில் லண்டனில் ஒரு பதக்கம் அடித்தார்கள். பதினைந்தே ஆண்டில் அங்கேயே அவர் பெயர் கெட்டது. வங்காளத்தில் அவர் கைக்குப் போன 2,34,000 பவுண்டுக்கு 1773-ல் நாடாளுமன்றம் கணக்குக் கேட்டது. அடுத்த ஆண்டு இறந்துபோனார்.

அந்தக் கிளைவின் பெயர் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளின் நகைகளில் ஒன்றில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விசேஷ நாளில் பெருமாளுக்குச் சாத்தும் கழுத்தணிக்குக் கிளைவ் மகரகண்டி என்றுதான் பெயர். ஆற்காட்டுச் சண்டை நாட்களில் கிளைவ் நோயில் விழுந்ததாகவும், பெருமாள் தீர்த்தம் அருந்திக் குணமானதாகவும், பிறகு கருடசேவையைத் தரிசித்து இதைச் சமர்ப்பித்ததாகவும் ஊரில் சொல்வார்கள்.

இந்தக் கதைக்கு முன்கதை ஒன்று இருக்கிறது. சென்னைக் கோட்டையில் குமாஸ்தாவாக இருந்த கிளைவ் 1751-ல் ஆற்காட்டைப் பிடித்தபோது அவருக்கு வயது 25. அந்த ஆண்டு டிசம்பரில் காஞ்சிபுரத்துப் பெரிய கோயில் ஒன்றில் பிரெஞ்சுப் படை புகுந்திருந்தது. சென்னையிலிருந்து பெரிய பீரங்கிகளை வரவழைத்து அந்தக் கோயில் மதிலைத் தாக்கினார் கிளைவ். உள்ளே இருந்தவர்கள் இரவோடு இரவாக ஓடிவிட்டார்கள். நகை கொடுத்த கைதான் கோயிலைச் சுடவும் உத்தரவிட்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவரை இந்தக் கதை பாதிக் கதைதான்.

பின்னாளில் வரதராஜர் கோயில் நிர்வாகத்தையே கையில் எடுத்த கலெக்டர் லயனல் பிளேஸும் பெருமாளுக்கு நகை தந்தவர். ஆள்பவர்கள் சாமிக்கு நகை போடுவது பல்லவர், சோழர் நாளிலிருந்து வரும் வழக்கம். ஊரார் மனத்தில் இடம்பிடிக்க அதைவிடச் சுருக்கமான வழி இல்லை என்பது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கும் புரிந்திருந்தது.

வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் விடியலில், கருட வாகனத்தில் பெருமாள் கோபுர வாசலுக்கு வருகிறார். அங்கே ஒரு கணம் குடைகளால் அவரை மறைக்கிறார்கள். வயோதிகத்தால் காஞ்சிக்கு வர முடியாமல் சோளிங்கர்க் குளக்கரையில் கண்ணீர் விட்ட தொட்டையாச்சாரியாருக்கு அந்தக் கணத்தில் பெருமாள் அங்கே காட்சி தந்ததாக நம்பிக்கை. அவர் தங்கம் எதுவும் தரவில்லை. ஆனாலும் லட்சம் பேர் கூடிய இடத்தில் பெருமாள் அவருக்காக நிற்கிறார். என் கணக்கில் அதுதான் பெரிய மரியாதை.

அடுத்த வைகாசியில் பிள்ளைகளைத் தோளில் தூக்கி கருடசேவை காட்டுகிறவர்கள், மகரகண்டியின் கதையோடு 1751 டிசம்பரின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.