கையில் தூக்கும் கணினி: எத்தனை கிலோ, யாருக்காக?

"எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பிராசஸர், ரேம், விலை என்ற மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். எடையைப் பற்றிப் பேச்செடுத்தால், "அதெல்லாம் ஒன்றரை கிலோ இருக்கும், விடுங்க" என்று முடித்துவிடுவார்கள். பழைய கணினிகளின் கதைகளைத் தேடிப் படிப்பது எனக்குப் பழக்கம். அந்தக் கதைகளில் எடைக்கு இவ்வளவு சின்ன இடம் கிடையாது. இதைத் தூக்கிக்கொண்டு போகிறவர் யார், எங்கே உட்காருவார், எதைத் தட்டச்சு செய்வார் என்று யாரோ ஒருவர் ஊகித்துத்தான் ஒவ்வொரு கணினியின் அளவையும் எடையையும் முடிவு செய்திருக்கிறார். அந்த ஊகத்துக்காக வேறு எதையாவது விட்டும் கொடுத்திருக்கிறார். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது, அந்த ஊகம் தன் வேலைக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான்.

இந்தக் கதை 1968-இல் ஓர் அட்டைப்பெட்டியில் தொடங்குகிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் அப்போது ஆய்வு மாணவராக இருந்த ஆலன் கே, குழந்தைகள் புத்தகம் போலக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு கணினியைக் கற்பனை செய்தார். அதைச் செய்யும் தொழில்நுட்பம் அன்று இல்லை. ஆனால் எடையைச் சோதிக்கத் தொழில்நுட்பம் எதற்கு? அட்டையில் ஒரு மாதிரி செய்து, உள்ளே ஈயக் குண்டுகளைப் போட்டு, எவ்வளவு கனமிருந்தால் தூக்கிக்கொண்டு திரியலாம் என்று பார்த்தார். 2 பவுண்டுக்குள், அதாவது சுமார் 900 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த விடை. பிறகு ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் இருந்தபோது, 1972-இல் எழுதிய கட்டுரையில் இந்தக் கற்பனைக் கணினிக்கு 4 பவுண்டு வரை இடம் கொடுத்தார். 'டைனாபுக்' என்று அதற்குப் பெயர்.

அதே ஆய்வகத்தில் 1978-இல் 'நோட்டேக்கர்' என்ற கணினியை உண்மையிலேயே செய்து முடித்தார்கள். அதன் எடை சுமார் 22 கிலோ! ஒரு மூட்டை சிமெண்டில் கிட்டத்தட்டப் பாதி. சில மாதிரிகளோடு அது நின்றுபோனது, கடைக்கு வரவே இல்லை.

கடைக்கு வந்து நன்றாக விற்ற முதல் தூக்குக் கணினி, 1981-இல் வந்த ஆஸ்பர்ன் 1. இதை விற்ற ஆதம் ஆஸ்பர்னுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவருடைய அப்பா ஆர்தர் ஆஸ்பர்ன், ரமண மகரிஷியைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் எழுதியவர். ஆதமின் சிறுவயது கழிந்தது திருவண்ணாமலையில். கடைசிக் காலத்தில் இந்தியா திரும்பி, 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

லீ ஃபெல்சென்ஸ்டைன் வடிவமைத்த அந்தக் கணினி தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும். எடை சுமார் 11 கிலோ, விலை 1,795 டாலர். விமான இருக்கைக்கு அடியில் நுழைய வேண்டும் என்பது அளவுக்கு வைத்த நிபந்தனை. அதனால் திரை 5 அங்குலத்தோடு நின்றுபோனது. ஒரு வரிக்கு 52 எழுத்துதான் தெரியும். உள்ளே பேட்டரி கிடையாது. ஆக, பயணத்தின்போது வேலை செய்வதற்காக இதைச் செய்யவில்லை. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோய், அங்கே பிளக்கைச் சொருகி வேலை செய்கிறவருக்காகச் செய்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு 11 கிலோ ஒரு பொருட்டே இல்லை. நன்றாகவே விற்றது. இருந்தும் நிறுவனம் 1983-இல் திவாலானது வேறு கதை.

இந்த இடத்தில் 1983-ஆம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்த ஒரே வருடத்தில் இரண்டு தூக்குக் கணினிகள் சந்தைக்கு வந்தன, இரண்டுமே வெற்றி. ஒன்று காம்பேக் போர்ட்டபிள், எடை 12.7 கிலோ. இன்னொன்று ஜப்பானின் கியோசெரா தயாரித்து, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் கடைகளில் விற்ற டிஆர்எஸ்-80 மாடல் 100, எடை சுமார் 1.4 கிலோ. ஒன்பது மடங்கு வித்தியாசம்! தொழில்நுட்பம்தான் எடையைத் தீர்மானிக்கிறது என்றால் இது எப்படி?

காம்பேக் 9 அங்குலத் திரையோடு, ஐபிஎம் பிசிக்காக எழுதிய மென்பொருள்களை அப்படியே ஓட்டியது. அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர், வாடிக்கையாளரிடம் போய் அதே கணக்கைக் காட்டலாம். அவர் பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு போவார், நாளைக்கு இரண்டு முறை தூக்கினால் அதிகம். முதல் வருடத்திலேயே 53,000 கணினிகள் விற்றன.

மாடல் 100-இல் பெரிய திரையும் இல்லை, பிளாப்பியும் இல்லை. எட்டு வரி, வரிக்கு 40 எழுத்து, அவ்வளவுதான். ஆனால் கீபோர்டு முழு அளவு. கடையில் கிடைக்கும் நான்கு டபுள் ஏ பேட்டரியில் சுமார் 20 மணி நேரம் ஓடும். சுவிட்சைப் போட்டவுடன் எழுதத் தொடங்கலாம். உள்ளேயே மோடம் இருந்ததால் எழுதியதைத் தொலைபேசி வழியாக அனுப்பிவிடலாம். பத்திரிகை நிருபர்கள் இதைக் கொண்டாடினார்கள். மைதானத்தில், நீதிமன்றத்து வாசலில், ஓட்டல் அறையில் உட்கார்ந்து செய்தி அனுப்புகிறவருக்கு வேறென்ன வேண்டும்? காம்பேக்கை நிருபர் கையிலும் மாடல் 100-ஐக் கணக்காளர் கையிலும் மாற்றிக் கொடுத்திருந்தால் இருவருமே திட்டியிருப்பார்கள்.

எடையை வேறொரு வழியிலும் குறைக்கலாம், காசைக் கொட்டி. 1982-இல் வந்த கிரிட் காம்பஸ் கணினியை பில் மாகிரிட்ஜ் வடிவமைத்தார். இன்றைய லேப்டாப் மாதிரியே திரையைக் கீபோர்டு மேல் மடிக்கலாம். மக்னீசியம் உடம்பு, எடை சுமார் 5 கிலோ. விலை 8,150 டாலர், அதாவது ஆஸ்பர்னைப் போல நான்கரை மடங்கு. நாசாவின் விண்கலங்களில் கூடப் பறந்தது. சாதாரண ஆட்கள் வாங்க முடியவில்லை.

எதையுமே விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிளின் மேகின்டாஷ் போர்ட்டபிள் உதாரணம். 1989-இல் வந்தது. தெளிவான திரை, நல்ல கீபோர்டு, பத்து மணி நேரம் வரை தாங்கும் பேட்டரி. அந்த பேட்டரி கார்களில் இருக்கும் ஈய-அமில வகை. மொத்த எடை 7.2 கிலோ. மடியில் வைத்துக்கொள்ளவும் முடியாது, 6,500 டாலருக்கு மேல் என்பதால் மேசைக்கு இன்னொரு கணினி என்று வாங்கவும் மனசு வராது. எடுபடவில்லை.

இரண்டே வருடத்தில், 1991-இல், அதே நிறுவனம் பவர்புக் வரிசையைக் கொண்டுவந்தது. இந்த முறை ஒன்றுக்கு மூன்றாகச் செய்தார்கள். பவர்புக் 100 சுமார் 2.3 கிலோ, ஆனால் உள்ளே பிளாப்பி டிரைவ் இல்லை. பவர்புக் 170 சுமார் 3.1 கிலோ, எல்லாம் இருக்கும், விலையும் இரண்டு மடங்கு. இடையில் 140. நீ எப்படி வேலை செய்கிறாய் என்பதை நீயே முடிவு செய்துகொள் என்று முதல் தடவையாக வாங்குகிறவரிடம் விட்டுவிட்டார்கள். கீபோர்டைத் திரைப்பக்கம் தள்ளி, முன்னால் மணிக்கட்டு வைக்க இடம் விட்டதும் இந்தக் கணினிகளில்தான் பரவலாகத் தெரியவந்தது. இன்று உங்கள் லேப்டாப்பும் அப்படித்தான் இருக்கிறது.

பேட்டரி சிறியதானது, டிஸ்க் சிறியதானது, மனிதனின் விரல் மட்டும் அப்படியே இருக்கிறது. இதற்கு ஐபிஎம் 1995-இல் திங்க்பேட் 701சி-யில் ஒரு வழி கண்டது. மூடியைத் திறந்தால், இரண்டு துண்டாக மடங்கியிருந்த கீபோர்டு ஒன்றுசேர்ந்து பெட்டியின் இரு பக்கமும் வெளியே நீளும். வண்ணத்துப்பூச்சி என்று செல்லப்பெயர். ஆனால் சீக்கிரமே திரைகள் பெரிதாகி, பெட்டியே அகலமாகிவிட்டதால் அதற்கு வேலை இல்லாமல் போனது. 2007-இல் ஆசுஸ் கொண்டுவந்த ஈ பிசி 7 அங்குலத் திரையோடு 920 கிராம்தான். ஆலன் கே சொன்ன எடை கிட்டத்தட்ட வந்துவிட்டது. ஆனால் அதில் பத்துப் பக்கம் தட்டச்சு செய்தால் விரல் ஒன்றோடொன்று இடிக்கும். மறுவருடம் வந்த மேக்புக் ஏர் 1.36 கிலோவில் முழுக் கீபோர்டையும் 13.3 அங்குலத் திரையையும் கொடுத்தது. சிடி டிரைவையும் நெட்வொர்க் கேபிள் துளையையும் எடுத்துவிட்டது. ஒரே ஒரு யுஎஸ்பி துளை. விலை 1,799 டாலர்.

இந்த வரிசையைப் பார்த்தபிறகு எனக்குத் தோன்றுவது இதுதான். எடை குறைந்தால் அந்தச் சுமை வேறு எங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆஸ்பர்னில் கண்ணுக்குப் போனது, ஈ பிசியில் விரலுக்கு, கிரிட்டில் பணப்பைக்கு, ஏரில் பைக்குள் தனியாகக் கிடக்கும் அடாப்டருக்கும் வயருக்கும். அந்தச் சுமையை உங்கள் உடம்பில் எந்த இடம் தாங்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அதனால் யார் கேட்டாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை பையைத் தூக்குவீர்கள்? உட்காருகிற இடத்தில் பிளக் இருக்குமா? அதிகம் செய்வது எழுதுவதா, பார்ப்பதா? நான் நூலக வாசிப்பறைகளில் பழைய இதழ்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பவன். பேருந்தில் போய்வருகிறேன். பிளக் பக்கத்து மேசை எப்போதும் கிடைக்காது. எனக்கு நல்ல கீபோர்டும் நீண்ட நேரம் தாங்கும் பேட்டரியும்தான் முதலில், 1.4 கிலோவுக்குள். திரை 13 அங்குலம் போதும். வீடியோ தொகுக்கும் நண்பருக்கு இது ஆகவே ஆகாது. அவர் அறையிலிருந்து ஸ்டூடியோவுக்குக் காரில் போகிறவர். இரண்டரை கிலோவும் 16 அங்குலமும்தான் அவருக்குச் சரி. அதைப் பார்த்து நான் பொறாமைப்படுவதில் அர்த்தமில்லை.

இன்னும் குழப்பமாக இருந்தால் ஆலன் கேயின் வழியைப் பின்பற்றலாம். ஈயக் குண்டு தேவையில்லை, அரிசி போதும். நீங்கள் பார்த்துவைத்திருக்கும் லேப்டாப்பின் எடையோடு சார்ஜரின் எடையையும் கூட்டி, அந்த அளவு அரிசியை ஒரு பையில் கட்டி, ஒரு வாரம் வேலைக்குப் போகும்போது தோளில் மாட்டிக்கொண்டு போய் வாருங்கள். காசு கொடுப்பதற்கு முன்னாலேயே தோள் சொல்லிவிடும்.