எண்பது டொலர் யுத்தம்

2010 டிசம்பரில் 'வோர் இன் த ஈஸ்ட்' என்றொரு கணினி விளையாட்டு வெளிவந்தது. 1941இல் ஹிட்லரின் படை சோவியத் ஒன்றியத்துக்குள் புகுந்ததில் தொடங்கி 1945 வரை, கிழமைக்குக் கிழமை படைப்பிரிவுகளை நகர்த்தி விளையாடுகிற சமாச்சாரம். விலை ஏறக்குறைய 80 அமெரிக்க டொலர். பெரிய கம்பனிகளின் புது விளையாட்டே அப்போது 50, 60 டொலர்தான். நான் ரொறொன்ரோவில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒன்ராறியோவில் அன்றைய அடிப்படைச் சம்பளம் மணிக்கு 10.25. ஒரு நாள் முழுக்கக் கழுவினால் ஒரு விளையாட்டு! "கொள்ளைக்காரங்கள்" என்று திட்டிவிட்டுக் கணினியை மூடிவிட்டேன்.

திட்டியது சரியா என்று பிறகுதான் யோசித்தேன். கதை பழையது.

1979இல் கலிபோர்னியாவில் ஜோயல் பில்லிங்ஸ் என்ற இளைஞர் எஸ்.எஸ்.ஐ. என்ற கம்பனியைத் தொடங்கினார். 1980இல் வந்த அவர்களது முதல் விளையாட்டு 'கம்பியூட்டர் பிஸ்மார்க்'. விலை 59.95 டொலர். அதே ஆண்டில் அட்டை யுத்த விளையாட்டுகளில் ராசாவாக இருந்த அவலோன் ஹில், கசெட்டில் பதிந்த கணினி விளையாட்டுகளை ஏறக்குறைய 15 டொலருக்கு விற்கத் தொடங்கியது. நாலு மடங்கு வித்தியாசம். பில்லிங்ஸ் கடையைப் பூட்டியிருக்க வேண்டும் என்றுதான் நினைப்பீர்கள். பூட்டவில்லை. அவருடைய வாடிக்கையாளர் ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்து அப்பிள் கணினி வாங்கினவர். அட்டையை விரித்து வைத்துவிட்டு, எதிரே இருந்து விளையாட ஆள் இல்லாமல் தவித்தவர். அவர் தேடியது மலிவை இல்லை, எதிராளியை.

கம்பசில் அரைகுறையாக விட்ட பொருளியலில் எனக்கு மிஞ்சியிருப்பது 'கேள்வி நெகிழ்ச்சி' என்ற சொல்தான். விலை குறைந்தால் வாங்குகிற ஆட்கள் எவ்வளவு கூடுவார்கள் என்ற கணக்கு. ஒரு விளையாட்டை 3000 பேர் 80 டொலருக்கு வாங்குகிறார்கள் என்று வையுங்கள். விலையை 20 ஆக்கினால் அதே வருமானத்துக்கு 12,000 பேர் வேண்டும். முந்நூறு பக்கக் கையேட்டைப் படித்து எரிபொருள் கணக்குப் பார்க்க அத்தனை பேருக்கு எங்கே போவது?

எங்கள் பக்கத்தில் ஒரு கடை கொத்துரொட்டி விலையைக் குறைத்தது. மற்றக் கடைகளும் குறைத்தன. சனம் வந்தது உண்மை, கொத்துரொட்டி எல்லாரும் சாப்பிடுகிற சாமான். ஆனால் லாபம் குறைந்ததும் வெட்டு விழுந்தது எங்கள் வேலை மணித்தியாலத்தில். எல்லாரும் சாப்பிடுகிற சாமானுக்கே இந்தக் கதி என்றால், சிலர் மட்டும் தேடுகிற சாமானுக்கு?

பெரிதாக வளர்வதிலும் ஒரு பொறி இருந்தது. எஸ்.எஸ்.ஐ. 1988இல் 'பூல் ஒஃப் ரேடியன்ஸ்' என்ற மாயாசாலக் கதை விளையாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேல் விற்றது. 1994இல் 'பன்சர் ஜெனரல்' சக்கைபோடு போட்டது. அதே ஆண்டில் கம்பனி மைண்ட்ஸ்கேப்புக்கு விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறி 2001இல் யூபிசொஃப்டிடம் போய்ச் சேர்ந்தது. அவலோன் ஹில்லை 1998இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. இலட்சக் கணக்கில் விற்கிற முதலாளிக்குச் சில ஆயிரம் பேர் வாங்குகிற சாமான் கண்ணில் படுவதேயில்லை.

தப்பியவர்கள் சின்னக் கடைக்காரர்கள். 2000இல் 'கொம்பாட் மிஷன்' விளையாட்டைக் கடைகளுக்கே கொடுக்காமல் இணையத்தில் நேரடியாக விற்றார்கள். மற்றிக்ஸ் கேம்ஸும் இணையத்தை நம்பியே வளர்ந்தது. பில்லிங்ஸ், கேரி கிரிக்ஸ்பி, கீத் ப்ரோர்ஸ் மூவரும் சேர்ந்து '2 பை 3' என்று புதிதாகத் தொடங்கினார்கள். நான் திட்டிய 'வோர் இன் த ஈஸ்ட்' அவர்கள் செய்ததுதான். முப்பது வருடத்துக்குப் பிறகும் அதே மனுசன், அதே கணக்கு.

அதற்காக அவர்கள் செய்தது முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். அந்த விலை என்னைப் போன்றவனை வாசலிலேயே நிறுத்தியது. பழைய வாடிக்கையாளருக்கு வயது போகிறது. இளம் பெடியள் எப்படி உள்ளே வருவார்கள்? 2011இல் குரோஷியாவின் சாக்ரெப் நகரில் இருந்து 'யுனிற்றி ஒஃப் கொமாண்ட்' வந்தது. அதே கிழக்கு முனை, ஸ்டாலின்கிராட் காலம். சின்னது, மலிவு, ஒரு மாலையில் பழகிவிடலாம். அதை ஒரு கழிவு விற்பனையில் வாங்கினேன். அதில் ருசி பிடித்துத்தான் இரண்டு வருடம் கழித்து அந்த 80 டொலரைக் கொடுத்தேன். மலிவான போட்டியாளர் விலை கூடினவரின் வியாபாரத்தைக் கெடுக்கவில்லை, ஆள் பிடித்துக் கொடுத்தார்.

இன்னொன்று. 1980இன் 59.95 டொலர் இன்றைய பெறுமதியில் 200 டொலருக்கு மேல். ஆக, நாங்கள் கொள்ளை என்று கத்துகிற இந்த விலை உண்மையில் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. செய்கிறவரின் வேலை குறையவில்லை.

இப்போது நான் சமையல் பக்கம். விலைப் பட்டியலைப் பார்த்து "இவ்வளவோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை யன்னலால் பார்ப்பேன். கோபம் வருவதில்லை. அவர்களிடமும் ஒரு நாள் சம்பளக் கணக்கு இருக்கும்.