சதுரத் துளை: ஸ்ரீரங்கத்துத் தேர் முதல் பொன்மலைப் பட்டறை வரை

ஒரு மரத்தில் சதுரமாகத் துளை, இன்னொரு மரத்தின் முனையில் அதற்கு அளவாக மெலித்த கழுந்து, இரண்டையும் அடித்து இறக்கியபின் குறுக்கே ஒரு மூங்கில் ஆணி: தச்சு வேலையின் முக்கால் பங்கு இதில் அடங்கிவிடும். கழுந்து சீவுவது எளிது. வாளும் இழைப்புளியும் அதைப் பார்த்துக்கொள்ளும். துளைதான் தச்சரின் நேரத்தைத் தின்பது. வட்டத் துளைக்குத் துரப்பணம் இருக்கிறது. சுழலும் கருவி எதுவும் மூலை வெட்டாது. சதுரத்துக்கு மூலை வேண்டும். அதற்கு உளியையும் கொட்டாப்புளியையும் விட்டால் வேறு வழி நெடுங்காலம் இல்லை.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் இந்த மூட்டின் முழு வலிமையையும் பார்க்க வேண்டுமானால் ஸ்ரீரங்கத்துத் தேரடிக்குப் போக வேண்டும். அரங்கநாதர் கோயிலில் தை, பங்குனி, சித்திரை என ஆண்டுக்கு மூன்று தேரோட்டம். சித்திரைத் திருநாளுக்கு விருப்பன் திருநாள் என்று பெயர். விஜயநகர அரச குடும்பத்தைச் சேர்ந்த விருப்பண்ண உடையாரின் பெயரால் 1383 முதல் அது நடப்பதாகக் கோயில் மரபு. அந்தத் தேர் சித்திரை வீதிகளின் நான்கு மூலைகளிலும் திரும்ப வேண்டும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை விழும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி அச்சிலிருந்து மேல்தட்டு வரை ஏறும். வடம் ஒரு பக்கம் இழுக்க, கட்டை ஒரு பக்கம் தடுக்க, சட்டகம் முழுவதும் முறுக்கிக்கொள்ளும். இரும்பாணியால் மட்டும் பிணைத்த பலகை இதைப் பல ஆண்டு தாங்காது. ஆணி துருவேறும், துளை தளரும். கழுந்து இறங்கிய மூட்டோ மயிரிழை அசைந்து கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

தமிழ்நாட்டுத் தேர்களுக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு ஆகியவையே வழக்கமான மரங்கள். மூன்றும் உளிக்குச் சுலபத்தில் இணங்காதவை. தேரின் அடுக்குகள் மேலே போகப்போக வெளியே விரியும் இடமும் உண்டு, உள்ளே ஒடுங்கும் இடமும் உண்டு. அதனால் ஒரு துளையின் சாய்வு அடுத்த துளைக்கு வராது. மரத்தின் இரண்டு முகத்திலும் கோடு கிழித்து, பாதி ஆழம் ஒரு பக்கமிருந்தும் மீதி மறுபக்கமிருந்தும் பொளிந்து நடுவில் சந்திக்க வைப்பது தச்சரின் முறை. ஒரே பக்கமாக அடித்து இறக்கினால் மறுமுகத்தில் உளி வெளிவரும்போது மரம் சிலாம்பாகப் பெயர்ந்துவிடும்.

இதே கை ஸ்ரீரங்கத்து வீதி வீடுகளிலும் வேலை செய்தது. பழைய வீட்டு வாசல் நிலையில் கீலே கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டிவிட்ட குடுமி, உத்திரத்திலும் வாசற்படியிலும் உள்ள குழியில் நின்று சுழலும். நல்ல நாள் பார்த்து நிலை வைப்பது இன்றும் விடாத சடங்கு. மரத்தை விற்ற இடத்தின் அடையாளம் ஊர்ப் பெயரிலேயே தங்கிவிட்டது. அரசியல் கூட்டங்களுக்குப் பேர்போன திருச்சி மரக்கடை என்ற பெயரைக் கேட்டு மரத்தை நினைப்பவர்கள் இப்போது குறைவு.

உளியின் வேலையைப் பொறி எடுத்துக்கொண்டது பிரிட்டனில், கடற்படைக்காக. பாய்மரக் கப்பல்களின் கயிறுகளுக்கு மரக் கப்பிகள் தேவைப்பட்டன. பிரிட்டிஷ் கடற்படைக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1,00,000. ஒவ்வொன்றிலும் நீள்சதுரத் துளை. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் மார்க் புரூனல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லே செய்து கொடுத்த பொறிகள் 1808-க்குள் முழு அளவில் ஓடின. 110 பேர் செய்த வேலையைப் 10 பேர் செய்தார்கள். அங்கே துளைபோட்டது மேலும் கீழும் வேகமாக இயங்கும் உளி. இன்று கடையில் கிடைக்கும் வகை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பரவியது. நான்கு விளிம்பும் தீட்டிய சதுரக் குழாய் உளி, அதற்குள் சுழலும் துரப்பணம். நடு மரத்தைத் துரப்பணம் எடுக்கும்; மூலைகளை உளி அழுத்திச் சீவும். மூலை வெட்டாத சுழற்சிக்கு உளியைத் துணைக்கு வைத்த தந்திரம் இது.

திருச்சிக்கு இந்தப் பொறி உலகத்தைக் கொண்டுவந்தது ரயில். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1861–62-இல் பாதை வந்தது. ஆனால் தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பட்டறை நாகப்பட்டினத்திலேயே இருந்தது. 1920-களின் பிற்பகுதியில் அது திருச்சியின் பொன்மலைக்கு மாறியது. ஆட்குறைப்பை எதிர்த்து 1928 ஜூலையில் ரயில்வேத் தொழிலாளர்கள் சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் ஆகியோர் தலைமையில் நடத்திய வேலைநிறுத்தம் இந்த மாற்றத்தின் மறுபக்கம். அன்றைய பயணிகள் பெட்டியின் உடம்பு பெரும்பாலும் தேக்கு. ஒரு பெட்டியின் பக்கச் சட்டத்தில் ஒரே அளவுக் கால்கள் வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றின் தலையிலும் அடியிலும் ஒரே அளவுக் கழுந்து. தேருக்கு நேர் எதிர் இது: இங்கே எல்லாத் துளையும் ஒன்று. இத்தகைய வேலை நடந்த ரயில் பட்டறைகள் சதுரத் துளைப்பொறிக்கு ஏற்ற இடம். 1955 அக்டோபர் 2-இல் பெரம்பூரில் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை திறந்து எஃகுப் பெட்டிகள் வரத் தொடங்கியதும் அந்தத் தேவையும் படிப்படியாகச் சுருங்கியது.

தேரோ மாற வேண்டிய இடத்தில் மட்டும் மாறியது. பல கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் திருச்சி பெல் ஆலையிலிருந்து வந்தன. மேலே உள்ள மரத்துக்கு உளிதான்.

துளைப்பொறி பின்னர் நிலையும் கதவும் செய்யும் சிறு பட்டறைகளுக்கு இறங்கியது. அதை வீட்டுப் பட்டறைக்கு வாங்க நினைப்பவருக்குப் பழைய கணக்கே உதவும். மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு துளை என்பது விதி. ஒன்றரை அங்குலம், அதாவது 12 நூல், கனமுள்ள கதவுச் சட்டத்துக்கு 4 நூல் உளி போதும். மேசைமேல் வைக்கும் அரைக் குதிரைத்திறன் பொறி அதைத் தாங்கும். 5-க்கு 3 அங்குல நிலைக்கு 1 அங்குலத் துளை என்றால் தரையில் நிற்கும் பொறி வேண்டும். விலையைவிட முதலில் பார்க்க வேண்டியது மரத்தைப் பிடித்து வைக்கும் அமைப்பு. உளி இறங்கும்போது வரும் தொல்லையைவிடப் பெரியது, அதை மேலே இழுக்கும்போது மரமும் கூடவே எழும்புவது. வட்டத் துளையிடும் சாதாரணப் பொறியில் மாட்டிக்கொள்ளும் சதுர உளி உபகரணம் மலிவு. வேங்கையில் அது திணறும். துரப்பணத்தின் முனை உளிக்கு வெளியே ஒன்றரை மில்லிமீட்டராவது நீட்டி நிற்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் சூடேறி உளி நீலம் பாரித்துவிடும். தேக்கில் மணற்சத்து உண்டு, கூர் சீக்கிரம் போகும். தீட்டும் கூம்புக்கல்லையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு மேசையும் இரண்டு முக்காலியும் செய்பவருக்குப் பொறி வீண் செலவு, 4 நூல் உளியும் ஒரு கொட்டாப்புளியும் போதும்.